இத்தாஸ்கா: பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு காடு

பாடசாலைப் புவியியல் நூலில் மிசிசிப்பி ஆற்றைப் பற்றிப் படித்தவர்களுக்கு அது கடல்போல் அகன்ற ஓர் ஆறு. அதன் தொடக்கத்தில் நின்று பார்ப்பவருக்கோ அது நம் வயற்புறத்து வாய்க்கால் ஒன்றின் அளவுதான். ஏறத்தாழ இருபது அடி அகலம், நீர் முழங்காலளவு. வாவியின் வாயில் வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. சிறுவர்கள் அவற்றின்மேல் தாவித்தாவி ஆற்றைக் கடக்கின்றார்கள். முதியவர்கள் காற்சட்டையை மடித்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கி நடக்கின்றார்கள். 2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் நாமும் அவ்வாறே நடந்தோம். கற்கள் வழுக்கின. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது பிழை என்பதைப் பாதி வழியிற்றான் உணர்ந்தோம்.

ஐக்கிய அமெரிக்காவின் வடக்கே, கனடாவின் எல்லையை ஒட்டியுள்ளது மினசோட்டா மாநிலம். அதன் பெருநகரான மினியாப்பொலிசிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் மோட்டார் வண்டியில் சென்றால் இத்தாஸ்கா மாநிலப் பூங்காவை அடையலாம். 32,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு; அதற்குள் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கு மேற்பட்ட வாவிகள். ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் பேர் வரையில் இங்கு வந்து போகின்றனர். ஆறு தொடங்குமிடத்தில் ஒரு மரத்தூண் நாட்டப்பட்டுள்ளது. கடல் மட்டத்திலிருந்து 1475 அடி உயரத்தில் தொடங்கும் இவ்வாறு 2552 மைல் ஓடி மெக்சிக்கோ வளைகுடாவைச் சேர்கின்றது என அதிற் பொறித்திருக்கிறார்கள். பிந்திய அளவீடுகள் இத்தூரத்தை ஏறத்தாழ 200 மைல் குறைத்தே கூறுகின்றன. ஆறு தன் வளைவுகளை மாற்றிக்கொண்டே இருப்பது. தூண் மட்டும் மாறாமல் நிற்கின்றது. இங்கு விழும் ஒரு துளி நீர் கடலைச் சேர ஏறத்தாழ 90 நாட்கள் செல்லும் என்பார்கள்.

கிராம முன்னேற்றம் பற்றிப் பேசும் ஓர் ஏட்டில் அமெரிக்கப் பூங்காவுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஓய்வுக்கெனச் சென்ற இடத்திலேயே எமக்கும் அக்கேள்வி எழுந்தது. ஒரு காட்டைப் பொதுச் சொத்தாக வைத்திருப்பது என்றால் அதற்கு யார் போராட வேண்டியிருந்தது, யார் உழைத்தார்கள், யார் எதனை இழந்தார்கள் என்பவற்றை அங்கிருந்த இரண்டு நாட்களில் ஓரளவு கேட்டும் பின்னர் படித்தும் அறிந்தோம். அதனையே இங்கு பகிர்கின்றோம்.

பூங்கா என்னும் சொல்

பூங்கா என்றதும் நாம் ஊஞ்சலும் சீமெந்து இருக்கையும் பூப்பாத்தியும் உள்ள நகரசபைப் பூங்காவையே நினைக்கின்றோம். அமெரிக்காவில் இச்சொல் இன்னும் அகன்ற பொருளுடையது. அங்கு தேசியப் பூங்காக்கள் மத்திய அரசுக்குரியவை. தூர தேசத்தவர் விமானமேறி வந்து பார்ப்பவை. மாநிலப் பூங்காக்கள் அந்தந்த மாநில அரசுக்குரியவை. அயலிலுள்ள குடும்பங்கள் சனிக்கிழமை காலையில் உணவுப் பெட்டியையும் கூடாரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் இடங்கள் பெரும்பாலும் இவையே.

இவ்வழக்கத்திற்கு வித்திட்டது 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், யொசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் கையளிக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். பொதுமக்களின் பயனுக்கும் ஓய்வுக்கும் அதனை வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நயாகரா நீர்வீழ்ச்சியைச் சுற்றியிருந்த தனியார் அருவியைப் பார்ப்பதற்கே காசு அறவிட்டுவந்த நிலையில், 1885இல் நியூயோர்க் மாநிலம் அந்நிலத்தை மீட்டுப் பொதுவாக்கியது. அடுத்து 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் இத்தாஸ்கா பிறந்தது. மினசோட்டாச் சட்டசபையில் ஒரேயொரு வாக்கு மேலதிகத்தால் இச்சட்டம் தப்பிப் பிழைத்தது.

பூங்காவுக்குள் செல்லும் மோட்டார் வண்டி ஒன்றுக்கு 2024ஆம் ஆண்டு நிலவரப்படி நாளொன்றுக்கு 7 டொலரும், ஆண்டு முழுவதற்கும் 35 டொலரும் கட்டணம். நடந்தோ சைக்கிளிலோ வருபவர்களுக்குக் கட்டணமில்லை. ஆண்டில் நான்கு நாட்கள் எல்லோருக்கும் வாசல் இலவசமாகத் திறக்கப்படுகின்றது. கூடாரமிட இடம், மரக்குடில்கள், நடைபாதைகள், வாடகைப் படகு, வாடகைச் சைக்கிள், பனிக்காலத்தில் சறுக்குப் பாதைகள் எனப் பல வசதிகள் உண்டு. விவரங்களை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். விளம்பரம் செய்வது எமது நோக்கமன்று.

பெயர் வந்த கதை

குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இப்பெயர் ஒரு சிறு வேடிக்கை. 1832ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஹென்றி ஸ்கூல்கிராப்ட் என்னும் அரச அலுவலர் இவ்வாவியை வந்தடைந்தார். மிசிசிப்பியின் உண்மையான ஊற்றைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது. உண்மையில் அவரை ஓடங்களில் ஏற்றி, ஓடையும் சதுப்பும் தாண்டி அழைத்துவந்தவர் ஒசாவிந்திப் என்னும் ஒஜிப்வே பழங்குடி வழிகாட்டி. அவருடைய மக்களுக்கு இது எப்போதும் தெரிந்த வாவி. 'எல்க்' எனப்படும் பெருமானின் பெயரால் அவர்கள் அதனை அழைத்தனர்.

புதிதாகக் 'கண்டுபிடித்த' இடத்திற்குப் புதுப் பெயர் வேண்டுமல்லவா? உடன் வந்த வில்லியம் பூட்வெல் என்னும் புரட்டஸ்தாந்து மிஷனரியிடம், 'உண்மையான தலை' என்பதற்கு இலத்தீனில் என்ன சொல் என்று ஸ்கூல்கிராப்ட் கேட்டார். மிஷனரி 'வேரித்தாஸ்', 'காப்புத்' என இரு சொற்களைக் கொடுத்தார். வேரித்தாஸ் வானொலியைக் கேட்டு வளர்ந்த நமக்கு அச்சொல்லின் பொருள் தெரியும்: உண்மை. காப்புத் என்றால் தலை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, முன்னும் பின்னும் எழுத்துக்களை வெட்டிவிட நடுவில் எஞ்சியது 'இத்தாஸ்கா'. இலக்கணப்படி 'வேரும் காப்புத்' என்றே இருந்திருக்க வேண்டும். எமது இலத்தீன் ஆசிரியராயின் சிவப்பு மையினாற் கோடிட்டு, திருப்பி எழுதும்படி பணித்திருப்பார். ஆயினும் கேட்பவர்கள் இதனை ஏதோ பழங்குடிச் சொல் என்றே எண்ணுகின்றனர். வாவியோடு தலைமுறை தலைமுறையாக வாழாதவர்கள்கூட ஒரு பெயரை இட்டுவிட்டால், பழைய பெயர் வரைபடத்திலிருந்து மறைந்துபோவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை.

மதகடியில் ஓர் இளம்பெண்

ஊற்று எது என்ற தகராறு அத்துடன் முடியவில்லை. 1881இல் வேறொருவர் வந்து, பக்கத்திலுள்ள இன்னொரு வாவியே மெய்யான ஊற்று என்று உரிமை கொண்டாடினார். இதனைத் தீர்த்துவைப்பதற்காக மினசோட்டா வரலாற்றுச் சங்கம் ஜேக்கப் பிரவர் என்பவரை அனுப்பியது. அவர் சங்கிலி பிடித்து அளந்து இத்தாஸ்காவையே உறுதிப்படுத்தினார். ஆனால் அளக்கப் போனவரின் கண்ணில் பட்டது வேறொன்று. கோடரிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. வடக்கு மினசோட்டாவின் பைன் மரங்கள் வீடாகவும் பலகையாகவும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சியிருக்கும் இத்துண்டையாவது காக்க வேண்டும் என்று பிரவர் ஓயாது எழுதினார், பேசினார், அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார். மேலே சொன்ன ஒரு வாக்கு மேலதிகம் இம்முயற்சியின் பயனே. அவரே பூங்காவின் முதல் ஆணையாளரும் ஆனார்.

சட்டம் வந்ததே தவிர காடு முழுவதும் அரசின் கைக்கு வரவில்லை. பூங்கா எல்லைக்குள்ளேயே பெரும் பகுதி மரக் கம்பனிகளுக்கும் தனியாருக்கும் உரியதாயிருந்தது. அதனை வாங்குவதற்குப் பணம் ஒதுக்கச் சட்டசபைக்கு மனம் வரவில்லை. சட்டம் எழுதுவதும் அதற்கு வரவுசெலவில் இடம் கொடுப்பதும் வேறு வேறு என்பதை நாமும் நம் நாட்டில் அறியாதவர்கள் அல்லர்.

மரம் கடத்தும் முறையை இங்கு விளக்க வேண்டும். பனிக்காலத்தில் வெட்டப்பட்ட குற்றிகளை ஆற்றங்கரையில் அடுக்கி வைப்பார்கள். வசந்தத்தில் மதகு கட்டி நீரைத் தேக்கி, பின்பு கதவுகளைத் திறந்து, பாயும் நீரோடு குற்றிகளை மிதக்கவிட்டு ஆலைகளுக்கு அனுப்புவார்கள். இத்தாஸ்கா வாவிக்குக் கீழேயும் அவ்வாறு ஒரு மதகு எழுந்தது. நீர் உயர்ந்ததால் வாவிக்கரையில் நின்ற பைன் மரங்களின் வேர்கள் மூழ்கி, மரங்கள் நின்ற நிலையிலேயே மடியத் தொடங்கின.

அப்போது ஆணையாளராயிருந்த ஜோன் கிப்ஸ் 1903இல் இறந்துபோக, அவருடைய மகள் மேரி கிப்ஸ் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டார். வயது 24. அந்நாட்டில் இத்தகைய பதவி வகித்த முதற் பெண்மணி அவரே எனப்படுகின்றது. அவர் மதகடிக்குச் சென்று கதவுகளைத் திறக்கும்படி உத்தரவிட்டார். கம்பனியின் ஆட்கள் துப்பாக்கியோடு நின்று மறித்தனர். கதவில் கை வைப்பவரைச் சுடுவோம் என்று மிரட்டினர். மேரி கிப்ஸ் பின்வாங்கவில்லை, தம் கையைக் கதவின்மேல் வைத்தார் என்பது இன்றும் அங்கு சொல்லப்படும் வரலாறு.

இக்கதையை அங்கேயே முடித்துக்கொள்ள எவருக்கும் ஆசை வரும். அவர் அப்பதவியில் இருந்தது சில மாதங்கள் மட்டுமே. அவர் போனபின்பும் பூங்காவுக்குள் மரம் வெட்டுவது தொடர்ந்தது; ஏறத்தாழ 1920 வரையிலும் குற்றிகள் ஆற்றில் மிதந்தன. இன்று ஆறு தொடங்குமிடத்தில் வருவோரை வரவேற்கும் நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அங்கே நாம் கோப்பி குடித்தோம்.

மாதம் முப்பது டொலர்

காட்டுக்குள் உள்ள கட்டடங்களைப் பார்த்தபோது எம்மோடு வந்த தச்சுத் தொழில் தெரிந்த நண்பர் ஒருவர் ஒவ்வொரு மூலைப் பொருத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். 1934இல் கட்டப்பட்ட சிறு குடில் ஒன்று உண்டு. விழுந்த மரங்களின் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்துச் சுவரெழுப்பியிருக்கிறார்கள். மரங்கள் அவ்வளவு பருமனாகையால் நான்கு குற்றிகளோடு சுவர் தலைக்கு மேலே போய்விட்டது.

இவற்றைக் கட்டியவர்கள் வேலையில்லாத இளைஞர்கள். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியால் இலட்சக்கணக்கான குடும்பங்கள் பட்டினியில் வாடின. 1933இல் சனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 'குடிசார் வளப்பேணற் படை' எனத்தக்க ஓர் அமைப்பை உருவாக்கினார். மணமாகாத, வேலையற்ற இளைஞர்கள் அதிற் சேர்க்கப்பட்டனர். காட்டு முகாம்களில் தங்குமிடம், உணவு, உடை இலவசம். மாதம் 30 டொலர் சம்பளம். அதில் 25 டொலரை வீட்டுக்கு அனுப்புவது கட்டாயம். 1942இல் கலைக்கப்படும்வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் அதில் உழைத்தனர். மரம் நட்டனர், பாதை வெட்டினர், தீக்காவற் கோபுரம் எழுப்பினர். இத்தாஸ்காவின் பெரிய கல்-மர மண்டபத்தை 1939க்கும் 1941க்கும் இடையில் கட்டியவர்கள் முதலாம் உலகப் போரின் முன்னாள் வீரர்களைக் கொண்ட பிரிவினர். போரிலிருந்து திரும்பி வேலையின்றி நின்றவர்களின் கைகள் அவை.

இத்திட்டத்தில் எம்மைக் கவர்ந்தது அந்த 25 டொலர் விதிதான். உழைப்பவன் காட்டில், அடுப்பெரிவது ஊரில். இளைஞன் கையில் செலவுக்கு 5 டொலர். தொழிற் பயிற்சித் திட்டங்களை நடத்தும் நம்மவர்கள், கொடுக்கும் படிப்பணம் வீட்டைச் சேர்கின்றதா என்று எத்தனை முறை கவலைப்பட்டிருக்கின்றோம்! ஆயினும் பெண்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. கறுப்பின இளைஞர்கள் பெரும்பாலும் தனி முகாம்களில் வைக்கப்பட்டனர். இதனையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இன்னொரு செய்தி. நாம் கடந்த அந்த அழகிய கல்வரிசையும் இவர்கள் இட்டதே. இயற்கையில் அவ்விடம் சேறும் சதுப்புமாய்க் கிடந்தது. ஆறு எங்கே தொடங்குகின்றது என்று விரல் நீட்டிக் காட்ட முடியாத நிலை. 1930களில் சதுப்பை மண்ணிட்டு நிரப்பி, புது வாய்க்கால் வெட்டி, கல் அடுக்கி, படம் பிடிப்பதற்கேற்ற ஊற்று ஒன்றைச் செய்துகொடுத்தனர். இதனை அறிந்தபோது எம்மோடு வந்தவர்களில் ஒருவர் ஏமாற்றமடைந்தார். எமக்கு அப்படித் தோன்றவில்லை. வருவோர் அனைவரும் சதுப்பை மிதித்திருந்தால் சதுப்பும் மிஞ்சியிராது.

வாசலில் விட்ட விறகு

இனி எமது பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். எம்மை உபசரித்த குடும்பத்தினர் இரவில் தீ மூட்டுவதற்கெனத் தம் வீட்டு வளவில் வெட்டிய விறகை வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். வாசலில் நின்ற அலுவலர் அதனைக் கண்டதும், உள்ளே கொண்டுபோக முடியாது என்று பணிவாகக் கூறிவிட்டார். வெளி விறகுக்கு அனுமதியில்லை. சான்றுபெற்ற விறகை அங்கேயே விலைக்கு வாங்க வேண்டும். சரி, காட்டிற்குள் காய்ந்து விழுந்ததைப் பொறுக்கலாமா என்று கேட்டோம். அதுவும் கூடாது என்றார். விறகு வைத்திருந்தும், விறகு நிறைந்த காட்டுக்குள் நின்றும், விறகை விலைக்கு வாங்கினோம்.

அன்றிரவு இதைச் சொல்லிச் சிரித்தாலும், காரணங்களைக் கேட்டபோது சிரிப்பு அடங்கிற்று. ஆசியாவிலிருந்து சரக்குகளோடு வந்ததாகக் கருதப்படும் ஒரு பச்சை வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் 'ஆஷ்' என்னும் மரத்தின் பட்டைக்குக் கீழே குடைந்து, சாறோடும் வழியை அறுத்துவிடுகின்றன. மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகின்றது. இவ்வாறு கோடிக்கணக்கான மரங்கள் அழிந்தன. வண்டு தானாகப் பறந்து அதிக தூரம் போவதில்லை. அதனை ஊர் ஊராக ஏற்றிச் சென்றது மனிதர், பெரும்பாலும் விறகோடு. மினசோட்டாவில் 2009இல் அது காணப்பட்டது. நல்லெண்ணத்தோடு கூடாரமிடப் போன ஒரு குடும்பத்தின் விறகுக் கட்டு ஒரு காட்டையே கொல்லக்கூடும். படகுகளையும் இவ்வாறே கழுவி, நீரை வடித்து, காயவிட்ட பின்பே அடுத்த வாவியில் இறக்க வேண்டும். சிறு சிப்பிகளும் களைகளும் படகோடு பயணம் செய்வதால் இந்த விதி.

விழுந்த மரத்தை எடுக்கக் கூடாது என்பதற்கும் காரணமுண்டு. உக்கும் மரத்திற்றான் பூச்சிகளும் காளான்களும் வாழ்கின்றன. பறவைகள் அவற்றை நம்பியுள்ளன. மண்ணுக்கு அதுவே எரு. ஐந்து இலட்சம் பேரும் ஆளுக்கொரு சுள்ளி பொறுக்கினால் முகாம்களைச் சுற்றிக் காட்டுத்தரை மொட்டையாகிவிடும். ஆனால் உண்ணக்கூடிய பழங்களையும் காளான்களையும் சொந்தத் தேவைக்குப் பறிக்கலாம். இந்த வேறுபாடு எமக்குப் பிடித்திருந்தது.

மற்ற ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரவு பத்து மணிக்குப் பின் சத்தம் கூடாது. கரடிகள் உள்ள காடாகையால் உணவைக் கூடாரத்தில் வைக்காமல் வண்டிக்குள் பூட்ட வேண்டும். புல்லில் நடந்தபின் கால்களில் உண்ணி ஏறியிருக்கின்றதா எனப் பார்க்க வேண்டும். 'லைம்' எனப்படும் நோயைப் பரப்பும் உண்ணி அங்குண்டு. பத்து மணிக்குப் பின் உண்மையாகவே நிசப்தம். வாவியில் லூன் என்னும் நீர்ப்பறவை நீண்ட ஓலமிட்டது. முதற் தடவை கேட்டபோது யாரோ அழுகின்றார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

காத்ததால் வந்த கேடு

மறுநாட் காலையில் வாவிக்கரையிலுள்ள செம்பைன் தோப்புக்குச் சென்றோம். போதகர்களின் தோப்பு என்பது அதன் பெயர். போதகர்கள் கூட்டம் ஒன்று அங்கு முகாமிட்டிருந்ததால் வந்த பெயராம். மரங்களுக்கு 250 வயதுக்கு மேல். செம்மண் நிறப் பட்டை, பனை உயரத்தையும் தாண்டிய நேர்த்தண்டு, உச்சியில் மட்டும் பச்சை. நல்லூர்த் தேர்த் திருவிழாவில் நிற்பவன்போல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றோம். பிறகு கீழே பார்த்தோம். அங்கேதான் வியப்பு. பாட்டன்கள் நிற்கின்றார்கள், பேரப்பிள்ளைகளைக் காணவில்லை. இளம் பைன் கன்றுகள் அரிதாகவே தென்பட்டன.

ஏன்? வெட்டுவதை நிறுத்தினால் காடு தானே வளரும் என்றுதான் பூங்காவைத் தொடங்கியவர்களும் நம்பினார்கள். தீயை எதிரியெனக் கருதி, எங்கு புகை தெரிந்தாலும் அணைத்தார்கள். வேட்டையைத் தடுத்தார்கள். ஓநாயை மட்டும் தீய விலங்கெனக் கொன்றார்கள். கொல்பவருக்கு மாநில அரசே 1965 வரை வெகுமதி வழங்கியது. மூன்றும் சேர்ந்து செய்த வேலையைப் பாருங்கள். செம்பைனின் தடித்த பட்டை தரையோடு ஓடும் தீயைத் தாங்கும். அத்தீ சருகையும் புதரையும் எரித்து, மண்ணை வெளிப்படுத்தி, வெயிலை உள்ளே விடும்போதுதான் அதன் விதை முளைக்கும். மின்னலாலும், புளூபெரிப் பற்றைகள் செழிக்கவென்று பழங்குடியினர் இட்டதாலும் முன்னர் அடிக்கடி தீ வந்துபோயிற்று. பழைய மரங்களின் ஆண்டு வளையங்களில் அத்தழும்புகளை இன்றும் எண்ணலாம். தீ நின்றதும் புதர் மூடியது, விதை முளைக்கவில்லை. முளைத்த வெண்பைன் கன்றுகளையோ, ஓநாயும் வேடனும் இல்லாத காட்டில் பெருகிய மான்கள் பனிக்காலத்தில் மொட்டோடு கடித்துத் தின்றன. மானுக்கே தீனி போதாமற் போயிற்று. 1940களின் நடுப்பகுதியில் பூங்காவுக்குள் மான் வேட்டையை மீண்டும் அனுமதிக்க வேண்டியதாயிற்று.

இன்று அதிகாரிகள் தாமே காற்றும் ஈரமும் பார்த்து, நாள் குறித்து, எல்லை வெட்டித் தீ வைக்கின்றார்கள். வெண்பைன் கன்றுகளைக் காக்கும் முறை மிக எளியது. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கன்றின் நுனி மொட்டையும் சிறு கடதாசித் துண்டால் மூடி, புத்தகம் தைக்கும் கம்பி ஊசியால் குத்திவிடுகின்றார்கள். மான் கடதாசியை விரும்புவதில்லை. வசந்தத்தில் தளிர் அதனைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். மானின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும்வரை ஆண்டுதோறும் இதனைச் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டில், கையில் கடதாசியும் ஊசியுமாக, கன்று கன்றாகக் குனிந்து நிமிரும் மனிதர்களை எண்ணிப் பாருங்கள்.

முன்பிருந்தவர்கள்

இக்காட்டில் மனிதர் வாழ்ந்ததற்குச் சான்று மிகப் பழையது. ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்காரர்கள் இங்கு காட்டெருமைகளைக் கொன்று உண்ட இடம் 1937இல் பாதை அமைக்கும்போது வெளிப்பட்டது. பழங்குடிப் புதைமேடுகளும் பூங்காவுக்குள் உள்ளன. ஒஜிப்வே மக்கள் 'மேப்பிள்' மரச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தார்கள். பேர்ச் மரப்பட்டையில் ஓடம் செய்தார்கள். ஆழமற்ற வாவிகளில் ஓடத்திலிருந்தபடியே காட்டுநெல்லைத் தட்டி எடுத்தார்கள். 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இப்பரந்த நிலம் அவர்கள் கையைவிட்டு அரசிடம் போனது. மரக் கம்பனி வந்தது அதற்குப் பின். பூங்கா வந்தது அதற்கும் பின்.

வாசலில் எமது விறகு மறுக்கப்பட்டபோது எமக்கு ஒரு பொழுது போக்குத்தான் குறைந்தது. விறகாலும் பட்டையாலும் சாற்றாலும் வாழ்ந்தவர்களுக்கு அதே விதி என்ன பொருள் தரும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. காட்டோரத்துக் கிராமங்களில் பணி செய்யும் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

இவ்வழக்கு அங்கும் முடிந்துவிடவில்லை. மாநிலத்தின் வேறொரு பகுதியைப் பற்றிய 1837ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வேட்டை, மீன்பிடி, சேகரிப்பு உரிமைகள் ஒஜிப்வே மக்களுக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தன. அவை இன்னும் செல்லுபடியாகும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 1855 உடன்படிக்கையில் அத்தகைய வாசகம் இல்லை. ஆனால் நாம் அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை என்பது அம்மக்களின் வாதம்.

அதே மாநிலத்தின் தெற்கே அப்பர் சூ ஏஜென்சி என்றொரு மாநிலப் பூங்கா இருந்தது. டக்கோட்டா மக்களுக்கு உடன்படிக்கைப்படி சேரவேண்டிய உணவு களஞ்சியத்தில் இருக்க, அவர்கள் வெளியே பசியால் மடிந்த இடம் அது. 1862ஆம் ஆண்டுப் போர் அவ்வாறு மூண்டது. பிற்காலத்தில் அங்கு மக்கள் கூடாரமடித்தார்கள், குதிரையேறிச் சென்றார்கள். தங்கள் முன்னோர் புதைந்த நிலத்தில் நடப்பதற்குத் தாங்கள் கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது என்று டக்கோட்டாச் சமூகத்தினர் பல ஆண்டுகள் முறையிட்டனர். 2023இல் சட்டசபை இணங்கியது. 2024 பெப்ரவரியில் பூங்கா மூடப்பட்டு, அடுத்த மாதம் நிலம் அச்சமூகத்திடம் கையளிக்கப்பட்டது. அங்கு ஓய்வு நாட்களைக் கழித்துப் பழகியவர்களிற் சிலர் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தமும் பொய்யல்ல. பிள்ளைகளுக்கு முதன்முதல் நட்சத்திரம் காட்டிய இடமாக அது இருந்திருக்கும்.

இத்தாஸ்காவை விட்டுப் புறப்பட்ட காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தி, எமது விறகு என்னவாயிற்று என்று விசாரித்தோம். முதல் நாளிரவே எரித்துவிட்டோம் என்றார் அலுவலர். வண்டு இருந்ததா என்று கேட்டார் எமது நண்பர். பார்த்தவரையில் இல்லை, ஆனாலும் எரித்தோம் என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த வண்டியின் சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.